பதினாலு வெள்ளைக் கோடு

இல்லைங்க, அது சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்குற பெட்டி இல்ல. அந்த பைக்குல பின்னாடி ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு பெட்டி மாட்டியிருக்கிறதைப் பார்த்துட்டு எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கிறாங்க. வாங்கின புதுசுல மூணாவது மாடி வீட்டுக்காரரு பால்கனியில இருந்து எட்டிப் பார்த்து, "நாங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணலையே!"ன்னு கத்தினாரு. ஹெல்மெட்டைக் கழட்டினா உள்ள இருந்து பாதி நரைச்ச பின்னலோட கீழ் வீட்டு அம்மா! மனுஷன் வாயைத் திறந்தவரு மூட மறந்து அப்படியே நின்னுட்டாரு. பத்து வருஷமா ஒரே படிக்கட்டுல ஏறி இறங்குறவங்க.

அந்தம்மாவுக்கு வேலை துறைமுகத்துல. கப்பல்ல இருந்து கன்டெய்னரைத் தூக்கி இறக்குற பெரிய கிரேனை ஓட்டுறாங்க. பன்னெண்டு மாடி உயரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ள தனியா உக்காந்து, காலுக்கு நடுவுல கீழ பார்த்துக்கிட்டே இருக்கணும். கீழ வேலை செய்யிறவங்க எல்லாருக்கும் அவங்க 'உச்சியக்கா'. வீட்டுக்காரரு டெய்லர். பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினாக்கூட அவருக்குத் தலை சுத்தும். இந்த ரெண்டு பேருக்கும் எவன் பொருத்தம் பார்த்தான்னு சொந்தக்காரங்க இன்னைக்கும் கேட்டுச் சிரிக்கிறாங்க.

அம்பத்தோரு வயசுல ஒரு சனிக்கிழமை உச்சியக்கா அந்த வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினாங்க. டெய்லரு கையில கத்திரிக்கோலோட வெளிய வந்தாரு.

"யாரு வண்டிம்மா இது?"

"நம்மளோடது."

கத்திரிக்கோலைத் தரையில வச்சுட்டு அவரும் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. ரேஸ் வண்டி மாதிரி கூர் மூக்கு. ஆனா குப்புறப் படுத்து ஓட்ட வேண்டாம், நிமிந்து உக்காந்து நாள் முழுக்கப் போகலாம். நீள ரோட்டுக்குன்னே செஞ்சது. இருநூத்தி முப்பது கிலோ.

"உனக்கு என்ன ஆச்சு? இது சாஞ்சா யாரு தூக்குறது?"

"நாப்பது டன்னைத் தெனமும் தூக்குறேன். இதைத் தூக்க மாட்டேனா?"

ஆறு மாசம் அவரு அதுல ஏறவே இல்ல. அப்புறம் ஏற வச்சது ஒரு வெள்ளைப் பேனா.

உச்சியக்கா வண்டியில எந்த போல்ட்டை முறுக்கினாலும், முறுக்கி முடிச்சதும் போல்ட்டு தலையில இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பாங்க. போல்ட்டு கொஞ்சம் திரும்பிட்டாலும் கோடு உடைஞ்சுடும், ஒரு பாதி ஒரு பக்கம், மறு பாதி வேற பக்கம். பார்த்தவுடனே தெரியும். டெய்லருக்கு அது புடிச்சுப்போச்சு. கையைச் சட்டையோட சேர்க்கிறப்ப ரெண்டு துணியிலயும் சாக்பீஸ் குறி போட்டு, குறியும் குறியும் சேருதான்னு பார்த்துத்தானே அவரும் தைக்கிறாரு! அட, இது நம்ம தொழிலுன்னு நெனைச்சாரு. மொத்தம் பதினாலு கோடு. ஒவ்வொரு தடவை கிளம்புறப்பவும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வண்டியைச் சுத்தி வந்து, குனிஞ்சு குனிஞ்சு எண்ணி, "பதினாலு"ன்னு சத்தமா சொல்லுவாரு. "ஏறலாமா, இன்ஸ்பெக்டரய்யா?"ன்னு அந்தம்மா கேப்பாங்க. அதுக்கப்புறம்தான் காலைத் தூக்கிப் போடுவாரு.

ஏறினவரு சும்மா இருந்தாரா? ரெண்டு மணி நேரம் உக்காந்தா இடுப்பு போகுதுன்னு சீட்டைப் பிரிச்சு, உள்ள ஜெல்லு வச்சு, மழை இறங்காத துணியில புதுசா தைச்சாரு. டேங்க்கு மேல வைக்க ஒரு பை, அதுல போனு வைக்கக் கண்ணாடி ஜன்னல். மூணு பெட்டிக்கும் மஞ்சள் மழைக்கோட்டு. அந்தம்மா தன் பங்குக்கு உயரமான காத்துக் கண்ணாடி, குளிருக்குச் சூடாகுற கைப்பிடி, விழுந்தா எஞ்சினைக் காப்பாத்த ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, பனியில தெரிய மஞ்சள் லைட்டு. ஞாயித்துக்கிழமை ஆனா பழைய டூத் பிரஷ்ஷை வச்சுக்கிட்டு செயினுக்குப் பல்லு தேய்ச்சு, துடைச்சு, எண்ணெய் விட்டு, எவ்வளவு தொங்குதுன்னு விரலால அழுத்திப் பார்ப்பாங்க.

மகன் ஒரு தடவை வந்து இதெல்லாம் பார்த்துட்டு, "அம்மா நகை போடுறாங்க, அப்பா துணி எடுக்குறாரு. எப்பப்பா கல்யாணம்? என் ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட நீங்க இவ்வளவு அக்கறையா தைக்கல"ன்னான்.

"நீ எங்கடா ஒரு இடத்துல நின்ன? இது நிக்குது"ன்னாரு அப்பா.

சரிபார்க்கிற விஷயத்துல உச்சியக்கா எவ்வளவு கறாருன்னு துறைமுகத்துல கேட்டா தெரியும். தினம் காலையில கொக்கி, கம்பி வடம், பிரேக்கு எல்லாம் பார்த்துட்டு தாளுல டிக்கு போடணும். ஒரு ஆளு பார்க்காமலே உக்காந்த இடத்துல இருந்து பூரா டிக்கும் போட்டுட்டான். மேல இருந்து பார்த்துட்டாங்க. அன்னைக்குக் கிரேனை அசைக்கவே இல்ல. அத்தனை பேர் முன்னாடியும், "வேலை செய்யாம டிக்கு போடுறவன் ஆளைக் கொல்லுறவன்"னு மைக்குல சொல்லிட்டாங்க. அதுல இருந்து அவன் பேரே டிக்கு ஆயிடுச்சு. பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடிகூட அவனை அப்படித்தான் கூப்பிடுறாங்க. எட்டு வருஷம் ஆச்சு.

இதை மனசுல வச்சுக்கங்க.

மகனும் மருமகளும் இருக்கிறது மலைக்கு அந்தப் பக்கம், முந்நூறு கிலோமீட்டர். பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, அதுக்குள்ள வண்டியை ரெடி பண்ணலாம்னு போன வியாழக்கிழமை காலையில உச்சியக்கா முன் சக்கரத்துக்குப் புது பிரேக் பேடு மாத்திக்கிட்டு இருந்தாங்க. பேடு வச்ச பிரேக்கை அது இடத்துல உக்கார வச்சு, இடது பக்கத்து ரெண்டு போல்ட்டையும் விரலாலயே உள்ள விட்டாச்சு. அளவு வச்ச ஸ்பானர் ஒண்ணு வச்சிருக்காங்க. வேணும்கிற அளவுக்கு முறுக்கினதும் அதுவே டக்குனு சொல்லும். அதைக் கையில எடுத்தாங்க.

போன் அடிச்சுது. டெய்லரு போனோட ஓடிவந்தாரு, செருப்பு ஒரு கால்ல மட்டும்.

"பொறந்துடுச்சாம்! இப்பவே பொறந்துடுச்சாம்! பொண்ணு! கேளு, கேளு, அழுவுது!"

கையெல்லாம் கிரீஸா இருந்ததால அவரே போனை அந்தம்மா காதுல வச்சாரு. அந்த அழுகைச் சத்தம் இருக்கே! பூனைக்குட்டிக்குக் கோவம் வந்தா எப்படி இருக்கும், அப்படி. ஸ்பானர் வாசல் கால்மிதி மேல விழுந்துச்சு. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க, அழுறாங்க, ஒருத்தரை ஒருத்தர் "பாட்டி", "தாத்தா"ன்னு கூப்பிட்டுக்கிறாங்க. அப்புறம் அந்தம்மா காதுல சொருகியிருந்த வெள்ளைப் பேனாவை எடுத்து, சிரிச்சுக்கிட்டே, சரக்கு சரக்குனு ரெண்டு போல்ட்டுலயும் கோடு இழுத்தாங்க. பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பார்த்தாங்க. "கிளம்புங்க!"

கால்மிதியில கிடந்த ஸ்பானரை எடுத்து, துடைச்சு, பக்கத்துப் பெட்டிக்குள்ள வச்சது டெய்லருதான். அன்னைக்கு அவரு கோடு எண்ணல. எண்ணியிருந்தாலும் பதினாலு இருந்திருக்கும்.

நூத்தி நாப்பது கிலோமீட்டர் பறந்தாங்க. நடுவுல முன்னாடி எங்கயோ டிக் டிக்னு ஒரு சத்தம். அந்தம்மா ஹெல்மெட் மைக்குல, "உங்க பையோட ஜிப்புதான் ஆடுது"ன்னாங்க. "என் ஜிப்பு ஆடாது"ன்னு இவரு. அதுக்குமேல ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசல. குழந்தைக்கு மூக்கு யாரு மாதிரின்னு பேசிக்கிட்டே போனாங்க.

மலை உச்சியில ஒரு பெட்ரோல் பங்கு. அதுக்கு அப்புறம் பதினெட்டு கிலோமீட்டர் இறக்கம், வளைவுக்கு மேல வளைவு. அந்தம்மா பெட்ரோலுக்கு வரிசையில நின்னாங்க. டெய்லருக்கு ஜிப்பு மேல பழி வந்தது ஆறல. கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஜிப்பைப் பார்த்தாரு, இறுக்கமா இருந்துச்சு. பழக்க தோஷம், அப்படியே கீழ குனிஞ்சாரு.

கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல.

"ஏம்மா. இங்க வா."

"என்னங்க?"

"கோடு சேரல."

"எந்தக் கோடு?"

"பிரேக்குல. ரெண்டும்."

"உங்க கண்ணாடியை மாத்தணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான்..." அந்தம்மா பேசிக்கிட்டே குனிஞ்சு, ரெண்டு விரலால மேல் போல்ட்டைத் தொட்டாங்க. பாட்டில் மூடி மாதிரி சுத்துச்சு. கீழ் போல்ட்டு பாதிக்கு மேல வெளிய வந்து நின்னுச்சு. பிரேக்கே கையோட அசைஞ்சுது.

பன்னெண்டு மாடி உயரத்துல புயல் காத்துல உக்காந்திருந்தவங்க, பெட்ரோல் சிந்தின தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. பின்னாடி ஒரு லாரிக்காரரு ஹாரன் அடிச்சு, பார்த்து, இறங்கி வந்தாரு.

"என்னய்யா, அம்மாவுக்கு மயக்கமா? வண்டி உன்னோடதா?"

"அவங்களோடது."

லாரிக்காரரு ஒரு தடவை வண்டியைப் பார்த்தாரு, ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாரு. அப்புறம் போல்ட்டைப் பார்த்தாரு. "இதோட இறக்கத்துல இறங்கியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, மீதியை முழுங்கிட்டு, "சரி விடுங்க, ஒரு முறுக்கு முறுக்கிட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது"ன்னாரு. மூணு பேரும் சேர்ந்து வண்டியை ஓரமா, மரத்தடிக்குத் தள்ளினாங்க.

அந்தம்மா தன் கையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "நான்தானே போட்டேன். என் கண்ணு முன்னாடி, என் கையாலதானே போட்டேன். டக்குனு கேட்டுச்சா? உங்களுக்குக் கேட்டுச்சா?"

டெய்லருக்குக் கால்மிதி ஞாபகம் வந்துச்சு. "கேக்கல. ஸ்பானரை எடுத்து வச்சது நான். நானும் யோசிக்கல."

"அவனுக்குப் பேரு வச்சேனே. எட்டு வருஷமா அந்தப் பேரைத் தூக்கிக்கிட்டுத் திரியிறானே அவன். எனக்கு என்ன பேரு வைக்கிறது?"

டெய்லரு வந்து அவங்க பக்கத்துலயே தரையில உக்காந்தாரு.

"மகன்கிட்ட வரலன்னு சொல்லிடுங்க. நான் இதைத் தொட மாட்டேன். உங்களை ஏத்திக்கிட்டு, ஏங்க, உங்களை ஏத்திக்கிட்டு வந்திருக்கேன்!"

டெய்லரு எந்திரிச்சாரு. ரெண்டு வருஷமா அந்த வண்டியில துணியைத் தவிர எதையும் தொடாத மனுஷன், பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்து அந்தம்மா மடியில வச்சாரு. லாரிக்காரர்கிட்ட ஒரு கந்தல் துணி வாங்கி, பெட்ரோல்ல நனைச்சு, பதினாலு கோட்டையும் ஒண்ணு விடாம துடைச்சு எடுத்தாரு.

"ஐயோ, எல்லாத்தையும் ஏங்க அழிச்சீங்க? மத்தது சரியாத்தான் இருந்துச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ திருகு. டக்குங்கிறது என் காதுல விழணும். கோடு நான் போடுறேன்."

"உங்களுக்குப் போல்ட்டு தெரியுமா?"

"எனக்குக் கோடு தெரியும். முப்பத்திரெண்டு வருஷம்."

முதல் போல்ட்டு டக்குனு சொன்னப்போ அந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவரு காதைக் கிட்ட வச்சு, "இன்னொரு தடவை"ன்னாரு. மறுபடியும் டக். அப்புறம்தான் பேனா மூடியைத் திறந்தாரு. பதினாலுக்கும் ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. லாரிக்காரரு போகவே இல்ல, நின்னு எண்ணிக்கிட்டு இருந்தாரு. "பதினாலு"ன்னு சொன்னதும் அவருதான். இறக்கத்துல சைக்கிள்காரன் முந்திக்கிட்டுப் போற வேகத்துல இறங்கினாங்க.

ஆஸ்பத்திரியில குழந்தையைப் பார்த்தா, அடடா! சட்டைப் பட்டன் மாதிரி மூக்கு. விரலு ஒவ்வொண்ணும் குண்டூசி நீளம்தான், அதுக்கு நகம் வேற! தாத்தா கண்ணாலயே அளந்து, "பத்தொம்பது இஞ்சு, மார்பு பதிமூணு"ன்னாரு. நர்ஸு தாளைப் பார்த்துட்டு ஆடிப்போயிட்டாங்க, அதேதான். ஆனா பாட்டி மட்டும் குழந்தையை வாங்கல. மூணு தடவை கை கழுவிட்டு வந்தாங்க, அப்பவும் வாங்கல. "கை நடுங்குதும்மா, நாளைக்கு"ன்னாங்க. சந்தோஷத்துல நடுங்குதுன்னு மருமக நெனைச்சுக்கிச்சு. மறுநாள் தாத்தாவே குழந்தையைத் தூக்கிக் கொண்டுவந்து, பாட்டி பக்கத்துல ஒட்டி உக்காந்து, மடியில வச்சு, தன் கையையும் அடியில குடுத்துக்கிட்டாரு. அப்பதான் பாட்டி புடிச்சாங்க.

இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. குழந்தைக்குன்னு காருல மாட்டுற சீட்டு ஒண்ணு வாங்கி, மகனே வாசல்ல நின்னு மாட்டினான். பெல்ட்டை இழுத்து, தட்டிப் பார்த்து, "முடிஞ்சுதும்மா, கல்லு மாதிரி இருக்கு. குழந்தையைக் குடுங்க"ன்னு கையை நீட்டினான். பாட்டி குழந்தையைக் குடுக்கல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால பையைத் துழாவி அந்த வெள்ளைப் பேனாவை எடுத்தாங்க. புது காருல கிறுக்கப் போறாங்களான்னு மகன் முழிச்சான்.

"மாட்டினவனே பார்த்தா அது பார்த்ததுல சேராதுடா, தள்ளு. ஏங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாங்க, கோடு நீங்க போடுங்க."