போர்ட் பிளேரில் டெலிபோன் கம்பி இழுத்த கதை

டெலிபோன் வேலை செய்யாவிட்டால் லைன்மேனைத் திட்டுவார்கள். வேலை செய்தால் மறுமுனையில் பேசுகிறவரைத் திட்டுவார்கள். ஆக, திட்டு நடமாடுவதற்குப் பாதை போட்டுத் தருவதுதான் எங்கள் தொழில். ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பேச்சு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வது உடனே விளங்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் வந்து இறங்கி, லைன்மேனாகச் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த சீனியர் மண்டல் தாதா. வங்காளி; 'தாதா' என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். அவர் பேசியதெல்லாம் இந்தி. உங்கள் வசதிக்காக நான் தமிழில் தருகிறேன்.

முதல் சோதனை

சேர்ந்த அன்றே, துறைமுகம் இருக்கும் ஹேடோ பகுதியில் ஒரு கம்பத்தில் ஏற்றிவிட்டார். மேலே இருந்த இரண்டு கம்பி முனைகளைக் கீழிருந்து காட்டி, "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று பிடித்துக்கொண்டேன். அவர் கீழே நின்று சோதனைப் போனில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, "இப்ப அந்த லைன்ல மணி அடி" என்றார்.

போனில் மணி அடிக்க வேண்டுமானால் கம்பியில் கொஞ்சம் மின்சாரம் ஓடவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓடியது. இடுப்பில் பெல்ட் இல்லாவிட்டால் நான் கீழே இருந்திருப்பேன். என் அலறலில் பக்கத்துக் கூரையிலிருந்த காக்கைகள் பறந்துவிட்டன. மண்டல் தாதா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. போனில் நிதானமாகச் சொன்னார்: "லைன் நல்லா இருக்கு. மதராஸி கத்தினது உனக்கே கேட்டிருக்குமே?"

எதற்கு இரண்டு கம்பி?

குட்வில் எஸ்டேட்டில் மதுரைக்காரரான ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக்குப் புது இணைப்பு. நான் சுவரில் கிளிப் அடித்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டர் பக்கத்தில் நின்று, அங்கே அடி, இங்கே அடி என்று ஓயாமல் உத்தரவு போட்டார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஜன்னலுக்கு மேலே கொண்டுபோனால் மழைத்தண்ணீர் கம்பி வழியாக உள்ளே வரும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "நீ மேலேயே அடிப்பா" என்றார். அடித்தேன்.

நடுவில் ஒரு சந்தேகம் கேட்டார்: ஒரு போனுக்கு எதற்கு இரண்டு கம்பி? ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பினால்தான் சுற்று முழுமையாகும் என்று விளக்கத் தொடங்கினேன். "அட, பேசறதுக்கு ஒண்ணு, கேக்கறதுக்கு ஒண்ணு. அதானே?" என்று அவரே முடித்துவிட்டார்.

எனக்குக் காபி கொண்டுவந்த அவர் மனைவி அதைக் கேட்டுவிட்டு, தம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இவருக்குக் கேக்கற கம்பி வேணாம் தம்பி. கலியாணம் ஆன நாள்லேர்ந்து அது வேலை செஞ்சதே இல்ல."

ஜோடி மாறிப்போச்சு

ஜங்லிகாட்டில் ஒரு கம்பத்துப் பெட்டியில் எந்த ஜோடிக் கம்பி யாருடையது என்று மண்டல் தாதா பெயின்ட்டால் எண் எழுதி வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் அதைக் கழுவிவிட்டது. "எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லி அவர் திரும்பக் கட்டியதில், மீன் வியாபாரி சூசையின் லைனும் ஒரு சின்ன ஆபீஸின் லைனும் இடம் மாறிவிட்டன.

ஆபீஸ் பொறுப்பாளர் நாயருக்குக் காலையிலிருந்து மீன் ஆர்டர். நாயரின் மேலதிகாரி கூப்பிட்டதோ சூசைக்குப் போயிற்று. அவர் எடுத்த எடுப்பில், "என்ன, தயாரா?" என்று உறுமியிருக்கிறார். ஏதோ ஹோட்டல்காரர் என்று நினைத்த சூசை, "எல்லாம் தயார் சார். காலையில உங்க இடத்துக்கே வந்துரும்" என்றிருக்கிறார். பேசியது நாயர்தான் என்று நினைத்த அதிகாரி, பியூனிடம் நாயருக்குப் பாராட்டுச் சொல்லி அனுப்பினாராம்.

நாங்கள் பயந்துகொண்டே நாயர் முன்னால் போய் நின்றோம். நாயர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்டார்: "ஈ சர்வீஸ்ல அந்த ஆளு என்னைப் பாராட்டினது இப்பத்தான் முதல் தடவை. இன்னும் ரெண்டு நாள் அப்படியே விட்டுவைக்க முடியுமோ?"

கொடி

சூசையின் மனைவி பிலோமினா அக்கா தூத்துக்குடிப் பக்கம். அவர்கள் வீட்டு லைனில் எப்போதும் கரகரப்பு. போய்ப் பார்த்தால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் ஈரச் சேலைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒயர் தொய்ந்து, முனையில் லூசாகி ஆடுகிறது. இழுத்துக் கட்டிவிட்டு, "அக்கா, இது கொடி இல்ல. இதுக்குள்ள பேச்சு போகுது" என்றேன்.

அக்கா அடுத்த ஈரச் சேலையை உதறிக்கொண்டே கேட்டார்: "பேச்சு உள்ளதான போவுது? சேலை வெளியதான தொங்குது?"

ஹேடோவிலிருந்து ஒரு போன்கால்

ஒரு தடவை மீனுக்காகப் படகில் கடலுக்குப் போன சூசை திரும்பவில்லை. அன்று நல்ல காற்று, மழை. படகுகளைப் பற்றிச் சேதி வந்தால் ஹேடோ துறைமுகத்துக்குத்தான் வரும். பிலோமினா அக்கா விடிந்ததிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனோ செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மழையில் ஓடிவந்து எங்களிடம் சொன்னார்.

நானும் மண்டல் தாதாவும் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போனோம். பாதி வழியில் ஒரு தென்னை சாய்ந்து கம்பியை அறுத்துப் போட்டிருந்தது. இரண்டு முனையையும் எவ்வளவு இழுத்தாலும் எட்டவில்லை. தாதா ஓரத்தில் கிடந்த பழைய கம்பியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நான் பளபளப்புத் தெரியும்வரை கத்தியால் சுரண்டி, ஜடை பின்னுவதுபோல் முறுக்கினேன். கை விறைத்துப்போயிருந்தது.

சோதனைப் போனை மாட்டினேன். ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி. லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதும் விதி. சிறிது நேரத்தில் ஹேடோவிலிருந்து கால் வந்தது. சூசையின் குரலேதான். படகு மூழ்கிவிட்டதாம், அவரை ஒரு கப்பலில் வந்தவர்கள் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறார்கள். அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. லைன் மறுபடி போய்விட்டதோ என்று பதறி முறுக்கை இறுக்கிப் பிடித்தேன். பிறகுதான் விசும்பல் கேட்டது. சூசை திணறிப்போய், "சரி, வச்சிரட்டுமா? இங்க ஆபீசர் நிக்கிறாரு" என்றார்.

"வச்சிராதிய. என்னத்தயாவது பேசிக்கிட்டே இரிங்க. நெத்திலி என்ன வெலைன்னாவது சொல்லுங்க."

இப்படி ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்குப் போன் கேட்டு நான் போட்ட மனு மட்டும், நான் ஓய்வுபெற்ற அன்றுகூடப் பரிசீலனையில்தான் இருந்தது.