புழங்கிய சாமான்

சிங்கப்பூரில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு நாங்கள் ஊர் திரும்பியபோது, லாரியில் ஏற்றிய சாமான்களில் பாதி பெட்டியே பிரிக்காதவை. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்தேன். தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவின் சாமான்கள் ஒரு வாரம் மழையில் கிடந்தன. அதன் பிறகு எங்கள் வீட்டில் எதையும் சீக்கிரம் பிரிப்பதில்லை. நாற்காலிக்கு பிளாஸ்டிக் உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. சொந்த வீடு வரட்டும், அப்புறம் புழங்கலாம்.

சிங்கப்பூரில் மலிவு விற்பனையில் என் மனைவி கேக் சுடும் மின்சார அடுப்பு, 'அவன்' ஒன்று வாங்கினாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய பிறந்தநாளுக்குத் தன் கையால் கேக் செய்ய வேண்டும் என்பது மனைவியின் ஆசை. மாவு, வெண்ணெய் எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். நான்தான் பெட்டியைப் பிரிக்க விடவில்லை. வாடகை வீட்டில் எதற்கு, கறை பட்டுப்போகும் என்றேன். மறுவருடமும் கேட்டாள். அதற்கடுத்த வருடமும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் கடையில் கேக் வாங்கி வந்தேன்.

நாடு திரும்பும் குடிமக்கள் கொண்டுவரும் வீட்டுச் சாமான்களுக்கு இறக்குமதி வரியிலிருந்து விலக்கு உண்டு. லாரிக்காரர் கொடுத்த மலாய்த் தாளில் அந்த விதியைப் படித்தேன். சாமான் 'தெர்பாக்காய்', அதாவது புழங்கியதாக, இருக்க வேண்டும் என்றிருந்தது. பழசுக்கே விலக்கு கொடுக்கிறார்கள் என்றால் கைபடாத புதுசுக்குக் கேட்கவா வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன் என்ற திமிர் விடவில்லை.

ஜொகூர் சுங்கச் சாவடியில் அதிகாரி பெட்டிகளைப் பார்த்தார். நல்ல மனிதர். "இனி சூடா பாக்காய், கான்?" என்று மலாயில், இதெல்லாம் புழங்கியதுதானே என்கிற மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லும் கேள்விதான் அது. மனைவி அவன் அடுப்பின் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் புத்தம்புதுசு, கைகூட வைக்கவில்லை என்றேன். சாட்சிக்கு, ரசீதுகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து அவற்றையும் எடுத்து நீட்டினேன்.

அவர் அவன் அடுப்பின் ரசீதை எடுத்துத் தேதியைப் பார்த்தார். பதினான்கு வருடத்துக்கு முந்தையது. பெட்டியின் ஒட்டுநாடா அப்படியே இருந்தது. இத்தனை வருடம் ஏன் புழங்கவில்லை என்று கேட்டார். அதிகாரமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். நான் ரசீதுகளை அடுக்கி மறுபடி டின்னில் போட்டேன். சட்டப்படி அது புதுச் சாமான். வரி கட்டிவிட்டு வந்தோம்.

வரி போனால் போகட்டும். பழைய தோட்டத்தை ஒட்டி எழுந்த தாமான் குடியிருப்பில் எங்கள் சொந்த வீடு தயாரானது. பால் காய்ச்சிய அன்று அவன் அடுப்பின் பெட்டியை நானே பிரித்தேன். சுவிட்சைப் போட்டால் சூடு ஏறவில்லை. கதவு ரப்பர் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. சிரம்பானிலிருந்து வந்த பழுது பார்ப்பவர் இந்த மாடலுக்கு இப்போது சாமான் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்.

"சும்மா வச்சிருந்தாலும் கெட்டுப்போயிரும் அண்ணே. ஓடிக்கிட்டே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்லா," என்றார்.

மகள் அதற்குள் படிக்கப் பினாங்கு போய்விட்டாள். வேறு அவன் வாங்கித் தருகிறேன் என்று மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். பழைய அவன் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது. அதற்குள் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறாள்.

போன மாதம் மகளின் பிறந்தநாள். கூட்டாளிகளோடு கேக் வெட்டிய படத்தை அனுப்பியிருந்தாள். மேலே பழங்கள் அடுக்கிய கடைக் கேக். மனைவி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லீவில் வரும்போது நீயே ஒன்று செய்து கொடுக்கலாமே என்றேன்.

"அவளுக்குக் கடைக் கேக்குதாங்க பிடிக்கும். சின்னதுலேருந்து நாம அப்படித்தானே பழக்கிட்டோம்," என்றாள்.

நாம என்றாள். பழக்கியது நான்.