சவரிமுத்து எண்ணிய எழுபத்தெட்டுச் சுற்று

கிள்ளான் ஸ்டேஷனில் காலை வண்டி நின்றதும் கார்டு நேராக, சரக்குக் குமாஸ்தாவான என் மேசைக்கு வந்தார். பச்சைக் கொடி இன்னும் அவர் கையில் இருந்தது. "கிராணி, நம்ம சவரி அண்ணன் நேத்து சாயங்காலம் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். நான் எழுதிக்கொண்டிருந்த சரக்குச் சீட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வண்டியில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த உங்களுக்குச் சவரிமுத்துவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பட்டறையில் ஃபிட்டர். தையல் மிஷின், சைக்கிள், மாதா கோயில் மணி, எது மக்கர் செய்தாலும் அவர் வாசலுக்குத்தான் போகும். 'மிசின் டாக்டர்' என்று பேர். அந்தப் பேரில் அவருக்குக் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அவரே எழுந்து வந்து சிரிப்பார்.

ஊருக்குத் திரும்பிய டிரைவர் ஒருவர் அவரிடம் விட்டுச் சென்றதுதான் அந்தப் புனல் கிராமபோன். தட்டு கண்டபடி ஓடாமல் பிடித்து வைக்கும் சின்ன இரும்புத் தகடு அதில் உடைந்திருந்தது. சவரிமுத்து பட்டறை இரும்பில் ஒன்று வெட்டிப் பொருத்தினார். பெட்டி பாடியது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவர் வாசலில் கச்சேரிதான். நான் நெற்றி நிறைய விபூதியோடு தயங்கி நின்ற முதல் நாள், "சாமிக்கு எல்லாப் பாட்டும் கேக்கும் கிராணி, உக்காருங்க" என்று முக்காலியைத் தள்ளினார்.

இருந்தவை பன்னிரண்டு இசைத்தட்டுகள். அதில் ஒன்றை யாருக்கும் பிடிக்காது. யாரோ ஒரு பாகவதர் பாடிய முருகன் பாட்டு. கீச்சுக் கீச்சென்று இருக்கும். 'கீச்சான்' என்றே அதற்குப் பேர் வைத்து அடியில் போட்டிருந்தோம். சிரிப்பதற்கு மட்டும் எப்போதாவது எடுப்போம்.

வருஷங்கள் போகப் போகப் பெட்டியின் சுருள்வில் தளர்ந்து பாதிப் பாட்டில் இழுக்க ஆரம்பித்தது. புதிது வாங்கலாம் என்று எல்லாரும் சொன்னபோது ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில், "சரி, கிராணியே பாத்து வாங்கட்டும்" என்று என் தலையில் கட்டினார். கிள்ளானில் ஒரு கடையில், புனல் இல்லாத புது மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி, மடியிலேயே வைத்து ரயிலில் கொண்டுவந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸே திரண்டிருந்தது. பெண்கள் கும்மிக்குப் பழகியிருந்த பாட்டை முதலில் போட்டேன். ஆடி அசைந்து வந்தது. அடுத்த வீட்டுத் தெய்வானை அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன கிராணி, பாட்டு தூங்குது? வாங்குறப்பவே ரோசாக்லா, கெட்டுப் போனது! திருப்பிக் குடுத்துட்டு வாங்க." எல்லாரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு மானம் போய்விட்டது. சவரிமுத்து ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். புதுப்பெட்டி கெட்டது என்று முடிந்திருக்கும், அவர் பெட்டியும் பேரும் நிலைத்திருக்கும்.

அவர் அசைக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைச் சோற்றுப் பருக்கையால் தட்டின் ஓரத்தில் ஒட்டினார். கடிகாரத்தை எடுத்து ஒரு நிமிடம் சுற்றுகளை எண்ணினார். எழுபத்தெட்டு. "மூடிக்குள்ள என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றார். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு என்றுதான் ஆங்கிலத்தில் இருந்தது. பிறகு அதே தட்டைப் பழைய பெட்டியில் வைத்துச் சாவியை முழுக்க முறுக்கினார். இம்முறை எல்லாருமே சத்தமாக எண்ணினோம். தொண்ணூற்றாறில் நின்றோம்.

"மிசின் ரோசாக் இல்ல. என் கைதான் ரோசாக்" என்றார் சவரிமுத்து. "நான் வெட்டுன தகடு கனம், வேகத்தப் பிடிக்கல. இத்தன வருசமா உங்கள எல்லாம் ஓட ஓடப் பாட்டு கேக்க வச்சிருக்கேன்."

அவர் மனைவி ஞானம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "அதான் கோயில்லயும் எல்லாருக்கும் முந்திப் பாடி முடிக்கிறீங்களா?" வாசல் அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் சவரிமுத்துதான். சட்டென்று நிறுத்தி, "கிராணி, அந்தக் கீச்சான எடுங்க" என்றார்.

போட்டேன். அது கீச்சானே இல்லை. ஆழமான, அவசரமே இல்லாத ஆண்குரல் எழுந்து தெருவரைக்கும் நிறைந்தது. தெய்வானை அக்கா மடித்த வெற்றிலையை வாயில் வைக்க மறந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் சவரிமுத்து தொப்பியைக் கழற்றி, "ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். நான்கு முறை போட்டோம். "ஒரே நாள்ல பன்னெண்டு புதுத் தட்டு கெடச்சிருச்சு கிராணி!" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார். தப்பு தன் பேரில் என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலுக்கு அந்தப் புதுப்பெட்டியையும் கீச்சானையும் தூக்கி வந்தவர் இந்த மாதா கோயில் வேதக்காரர்தான். பாடுவது யார் என்று கேட்டு நின்றவர்களிடமெல்லாம் தன் தகட்டுக் கதையைப் பெருமையாகச் சொன்னார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் ஞானம்மாள், "அழுதது போதும், அவரு பாட்டைப் போடுங்க" என்றார். போட்டேன். பாகவதர் நிதானமாகப் பாட, அழுதுகொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

கிளம்பும்போது, பழைய பெட்டியிலிருந்த அந்தத் தகட்டை ஞானம்மாளிடம் கேட்டேன். "அது தப்பா வெட்டுனதாச்சே, தம்பி" என்றார். தெரியும் என்றேன். அவர் சரியாகச் செய்து கொடுத்தவை உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தவறிய ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதை நான் யாருக்கும் தரமாட்டேன்.