சூரியனைப் படித்தவள் காயவைத்த மீன்

கீரி என்கிற கடற்கரை ஊரில் பிறந்த ஒருத்தி எதைப் படித்துப் பட்டம் வாங்கினாலும் ஊருக்கு அவள் டொக்டர்தான். ஜெஸ்லியாவிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் கையை விரிப்பாள். அவள் படித்தது சூரியனை. அதிலும் முழுச் சூரியனையல்ல, அதைச் சுற்றியிருக்கிற வாயு மண்டலத்தை மட்டும். சூரியனின் மேற்பரப்புச் சூடு ஆறாயிரம் பாகைகூட இல்லை. அதற்கு மேலேயுள்ள வாயுவோ பத்து இலட்சத்தையும் தாண்டிக் கொதிக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்கப் போனவளுக்குக் கொழும்பிலும் ஜேர்மனியிலுமாகப் பதினாறு வருசம் ஓடிவிட்டது.

"அடுப்பைவிடப் புகை சூடாம். உதுக்கொரு படிப்பு," என்பார் தகப்பன் யோசேப்.

தாய் பெற்றிசியா விட்டுக்கொடுக்கமாட்டாள். கருவாடு போடுகிற பெண்களிடம், "என்ர பிள்ளைக்குச் சூரியன்ர நாடியே தெரியும்," என்று அளந்து வைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் ஜெஸ்லியா லீவில் வந்தாள். மூன்று நாளாக மூட்டம். வெட்டி உப்புப் போட்ட கட்டா மீன் பீப்பாய்களில் காத்துக் கிடந்தது. இனியும் பொறுக்க முடியாது.

"சொல்லு பிள்ளை, இண்டைக்கு வெயில் நிக்குமோ?" என்று கேட்டாள் அடுத்த கருவாட்டு வாடிக்காரி நிறஞ்சலா.

மழைக்கும் தன் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லத்தான் ஜெஸ்லியா வாயெடுத்தாள். பக்கத்தில் தாயின் முகம் பெருமையில் பூரித்துக் கிடந்தது.

"ஓம், நிக்கும்."

பத்து மணிக்கு இரண்டு வாடியிலும் மீனைப் படங்குத் துணியில் விரித்தார்கள். பதினொன்றரைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அள்ளிக்கொண்டு ஓடியும் பாதிக்கு மேல் ஊறிப்போயிற்று. நிறஞ்சலா ஒரு கெட்ட வார்த்தையையும் மிச்சம் வைக்கவில்லை. பெற்றிசியா மட்டும் மகளைத் திட்டாமல் ஊறின மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் ஜெஸ்லியாவால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள், புழுத்துப்போன மீனைத் தாயும் மகளும் கரையில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

"அந்தப் புகை ஏன் அவ்வளவு சூடு எண்டு கண்டுபிடிச்சிட்டியோ?" என்றாள் பெற்றிசியா திடீரென்று.

"இல்லையம்மா. இன்னும் ஒருத்தருக்கும் முழுசாய்த் தெரியாது."

"அதை அங்க சொல்லுறனியோ?"

"ஓம். ஒவ்வொரு கூட்டத்திலயும் எழும்பி நிண்டு சொல்லுறனான்."

"அதுக்குச் சம்பளமும் தாறாங்கள்?"

"ஓம்."

பெற்றிசியா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னால தெரியாதெண்டு சொல்லுறவளுக்கு, எனக்கு முன்னால ஏனடி வாய் வரேல்லை?"

ஜெஸ்லியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களை வெக்கப்படுத்தக் கூடாதெண்டுதான், அம்மா."

"நல்ல வேலை செய்தாய்," என்றாள் பெற்றிசியா. "இப்ப ஊரே மணக்குது."