கம்பளியால் தைத்த மூக்கு

கடுகண்ணாவை ஸ்டேஷனில், புறப்பட்டுவிட்ட கோச்சியிலிருந்து தையல் மெஷினோடு குதித்தவள் என்றுதான் கண்டி மஹய்யாவையில் இராஜகுமாரியைச் சொல்வார்கள். குதிக்கவில்லை, நின்ற கோச்சியிலிருந்து இறங்கித்தான் வந்தாள் என்று திருத்துகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கதை கேட்கத் தெரியாது.

ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களை, கப்பலேறத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன கோச்சி அது. கண்டி ஸ்டேஷனில் எழுந்த அழுகையில் எஞ்சின் ஊதியதே யாருக்கும் கேட்கவில்லை. இராஜகுமாரியின் அண்ணன்மார் இருவரும் பெண்டு பிள்ளைகளோடு ஏறியிருந்தார்கள். தங்கச்சியையும் ஏற்றியிருந்தார்கள். அவள் மட்டும் அழவில்லை. மடியில் கைமெஷினை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். பேராதனையில் யோசித்தாள். பிலிமத்தலாவையில் யோசித்தாள். கடுகண்ணாவையில் யோசனை முடிந்துவிட்டது. "நீங்க போங்கண்ணே. நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டாள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது மழைக்குப் போட்ட கறுத்த கம்பளியைச் சும்மாடாகச் சுற்றி, மெஷினைத் தலையில் வைத்து, கண்டிக்கே திரும்பி நடந்தாள். பிலிமத்தலாவையில் பித்தளைக் கடைக்காரர்கள் ஏதோ கோயில் காரியம் என்று நினைத்து எழுந்து வழிவிட்டார்களாம். ஒருவர் விளக்குக்கூட ஏற்றிக்காட்டினார் என்று கேள்வி.

எந்த நாட்டுக்காரி என்று யாராவது கேட்டால், மஹய்யாவைக்காரி என்பாள். அதற்குமேல் கேட்டால் மெஷினைச் சுற்றத் தொடங்கிவிடுவாள். அந்தச் சத்தத்தில் எந்தக் கேள்வியும் நிற்காது.

அப்பா அழகையா நகரசபையில் ரோட்டு வேலை பார்த்து, அங்கேயே செத்தும் போனவர். அவர் விட்டுப்போன ஒற்றை அறையில் இருந்துகொண்டு இராஜகுமாரி தலையணை உறை தைத்தாள், மெத்தை உறை தைத்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொசுவம் வைத்த பாவாடை தைத்தாள். அவள் பிடிக்கிற கொசுவம் கத்தியால் சீவியதுபோல நிற்கும். அந்தக் கொசுவத்தின் பேர்தான் ஹந்தானை மலைச்சரிவிலிருந்த பெரிய வீடு வரைக்கும் போனது.

அந்த வீட்டில் அப்போது அணை கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வாடகைக்கு இருந்தார். பனிக்கட்டி விழுகிற ஊர்க்காரர். ஹந்தானைக் குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்தார். அடைத்த பிறகு மூச்சு முட்டுகிறது என்றார். கண்டியில் பிறந்த எவரும் இதற்கு ஒரு ஜன்னலைத் திறப்பார். அவர் தன் ஊரிலிருந்து கப்பலில் ஒரு மெஷினை வரவழைத்து, ஓட்டுக்குக் கீழே பரணில் பூட்டினார். வீட்டுக்குள் இருக்கிற பழைய காற்றை அது வெளியே தள்ளும். போகிற காற்றிலுள்ள சூட்டைப் பிடுங்கி, வெளியிலிருந்து வருகிற புதுக் காற்றுக்குக் கொடுக்கும். காற்று நுழைகிற இடத்தில் தூசி பிடிக்க ஒரு பில்டர். அது கறுத்துப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடவேண்டும். வேறு எங்கே இருக்கிறது? கூட வந்தவை தீர்ந்துபோயின. கேட்டனுப்பியவை கடலைத் தாண்டி வரவேயில்லை.

வீட்டு மேற்பார்வைக்கு மயில்வாகனம் என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தார். நெற்றியில் மூன்று குறி திருநீறு இல்லாமல் காலையில் வாயில் தேத்தண்ணீர்கூட வைக்கமாட்டார். கறுத்த பில்டரைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர்தான் மஹய்யாவைக்கு வந்து, இதைப்போல ஒன்று தைக்க ஏலுமா என்று கேட்டார். இராஜகுமாரி அதை விரித்துப் பார்த்தாள். மடிப்பு மடிப்பாக, சின்னப்பிள்ளைப் பாவாடைபோல இருந்தது. பாவாடை தைக்கத் தெரிந்த எவளோதான் இதைச் செய்திருக்கிறாள் என்று சொல்லி, ஒப்புக்கொண்டாள்.

எந்தத் துணியில் தைப்பது என்று யோசிக்கவேயில்லை. தோட்டத்து மழையெல்லாம் குடித்து நைந்துபோன பழைய கம்பளி, காற்றை விட்டுவிடும், தூசியை விடாது. அம்மாவின் கம்பளியில் ஒரு ஓரத்தை வெட்டினாள். தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அடித்தாள். கொசுவம் பிடித்தாள். எல்லாம் சரி. பிறகுதான் ஒரு காரியம் செய்தாள். தைத்த துணிக்குக் கஞ்சி போட்டாள்.

கொசுவம் நிற்கவேண்டுமென்றால் கஞ்சி போடாமல் எப்படி? அரிசிக் கஞ்சியை நன்றாய்க் காய்ச்சி, முக்கி, வெயிலில் விறைக்கவைத்து, எடுத்துப்போய்ப் பூட்டினார்கள். மெஷின் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தது. காற்று வரவில்லை. இன்னொரு முறை இழுத்தது. பிறகு அது போட்ட ஊளையில் பேராதனைப் பூந்தோட்டத்து வௌவால்கள் எல்லாம் பட்டப்பகலில் எழும்பி, அம்பிட்டிய வரைக்கும் போய்த்தான் இறங்கின. வீடெங்கும் பழஞ்சோற்று வாசம். ஹந்தானையில் இருந்த எறும்பெல்லாம் பரணுக்கு ஏறியது. எஞ்சினியரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு ஜன்னலைத் திறந்தார். மயில்வாகனம் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டியில் ஏறிய எறும்புகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த பில்டரில் கஞ்சிக்குப் பதிலாகக் கொசுவத்துக்குக் கொசுவம் தென்னை ஈர்க்குக் கொடுத்துத் தைத்தாள். அது நின்றது. மெஷின் குழந்தைபோல மூச்சுவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டு பில்டர் அவள் வேலையானது. மஹய்யாவையில் அதற்கு 'வீட்டு மூக்கு' என்று பேர் வைத்தார்கள். கையில் மூக்கோடு, நெற்றியில் காசளவு குங்குமப் பொட்டோடு, அவள் முன்கேட் வழியாகவே போவாள், முன்கேட் வழியாகவே வருவாள்.

அணை வேலை முடிந்து எஞ்சினியர் ஊருக்குப் போனார். மெஷினைக் கழற்ற ஓட்டைப் பிரிக்கவேண்டும் என்பதால் அது அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுச் சொந்தக்காரியான சிங்கள அம்மையார் திரும்பி வந்து குடியேறினார். எல்லாரும் அவரை நோனா என்றார்கள். நோனாவுக்கு நெடுநாளாக இழுப்பு. மெஷின் ஓடுகிற வீட்டில் படுத்ததும் இழுப்புத் தணிந்துவிட்டது. அதற்காக மெஷினையும் வைத்துக்கொண்டார், மயில்வாகனத்தையும் வைத்துக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் வந்தது.

கண்டிப் பட்டணத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. புகை வாவிக்கு மேலாக வந்து மலையில் ஏறியது. ஊரே ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்த அந்த நாட்களில், அடைத்தபடியே மூச்சுவிடத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். நோனா மயில்வாகனத்தைப் பரணில் ஏற்றி, ஏணியை எடுத்து ஒளித்துவிட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மனிதர், கண்ணுக்கு முன்னால் பில்டர் கறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டில் ஆட்கள் வந்து கத்தியபோது நோனா முன்னால் போய் நின்று, இந்த வீட்டில் தமிழர் ஒருவரும் இல்லை என்று சொன்னார். வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்தச் சொல் மயில்வாகனத்தின் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் பரணிலிருந்து இறங்கிய மனிதர் அந்தச் சொல்லுக்குள்ளிருந்து இறங்கவேயில்லை. அதற்குப் பிறகு அவர் நெற்றி, கழுவிவைத்த சிலேட்டுப்போல இருந்தது.

மஹய்யாவையில் ஆம்பிளைகள் சந்துமுனையில் காவல் நின்றார்கள். மற்றவர்கள் விளக்கை அணைத்து, பிள்ளைகளின் வாயைப் பொத்தி இருந்தார்கள். இராஜகுமாரி மெஷினைச் சுற்றினாள். சத்தம் போடாதே என்று பக்கத்து அறைக்காரர்கள் கெஞ்சினார்கள். ஆள் இருக்கிற வீடு என்று தெரிந்துகொண்டு போகட்டுமே என்று அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள். அந்த நாட்களில் அவள் தைத்தது நோனா வீட்டுக்குரிய புது மூக்கைத்தான். இவ்வளவு புகையில் பழையது அடைத்துப்போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கலவரம் அடங்கியதும் எடுத்துக்கொண்டு போனாள். முன்கேட்டில் மயில்வாகனம் நின்றார். திறக்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, கோவிக்காதை. பொட்டை அழிச்சுப்போட்டுப் பின்கேட்டாலை வா. ஆர் ஆர் பாக்கிறாங்கள் எண்டு தெரியாது" என்றார்.

இராஜகுமாரி அவரை நன்றாகப் பார்த்தாள்.

"பொட்டு என் நெத்தியிலங்க ஐயா இருக்கு. உங்க நெத்தி எதுக்கு வேர்க்குது?"

"உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"அப்ப நான் நாளைக்கும் இதே கேட்டுக்குத்தான் வருவேன்" என்று சொல்லி, மூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மறுநாளும் வந்தாள். கேட் பூட்டியிருந்தது. பின்கேட் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

மயில்வாகனம் என்ன செய்வார்? மெஷினுக்கு மூக்கு வேண்டும். பிலிமத்தலாவைக்குப் போய், லொறிச் சாமான் கடையில் லொறி பில்டர் ஒன்றை வாங்கி வந்து அறுத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. குஷன் தைக்கிறவரிடம் மஞ்சள் பஞ்சுமெத்தைத் துண்டு வாங்கி அடைத்துப் பார்த்தார். மெஷின் அந்தப் பஞ்சையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, வீட்டுக்குள் தும்மியது. நோனாவின் சேலையில், சோற்றில், பூசைத் தட்டில் எல்லாம் மஞ்சள் பஞ்சுத் துகள். இழுப்புத் திரும்பி வந்துவிட்டது. அந்தத் தையல் பிள்ளை எங்கே என்று நோனா மூச்சுக்கு மூச்சு கேட்டார். மயில்வாகனத்துக்கு வாயில் வந்தது ஒரு பொய்.

அந்தப் பொய்யை மஹய்யாவைக்குக் கொண்டுவந்தவள் சகீனா. காலையில் மலைவீடுகளுக்கு இடியப்பம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். இராஜகுமாரியின் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன புள்ள, நீங்க இங்கதான் ஈக்கிறீங்க? இந்தியாவுக்குப் போயிட்டீங்கண்டுதானே மயில்வாகனத்தார் நோனாகிட்ட சொல்லி ஈக்கிறார். நோனா அழுதும் ஈக்கிறா, பாவம்."

இராஜகுமாரியின் கை மெஷின் பிடியிலேயே நின்றது. கேட்டைப் பூட்டியதை அவள் பொறுத்தாள். பொட்டை அழி என்றதையும் பயந்த மனுசனின் பேச்சு என்று தள்ளிவிட்டாள். ஆனால் இது வேறு. அண்ணன்மாரை விட்டு, மெஷினைத் தலையில் வைத்து, கடுகண்ணாவையிலிருந்து நடந்து வந்தது எதற்கு? இங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்கு. எரிக்க வந்தவர்களால் முடியாததை, திருநீற்றை அழித்த ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துவிட்டார். அவளைக் கோச்சி ஏற்றிவிட்டார்.

எழுந்தாள். முகம் கழுவினாள். காசளவாக இருந்த பொட்டை, சின்ன அப்பம் அளவாக இட்டாள். அம்மாவின் கம்பளியில் மீந்ததை, வெயில் என்றும் பார்க்காமல், கொழுந்துக்காரிபோலத் தலையில் போட்டாள். மூக்கை மார்போடு பிடித்துக்கொண்டு, குறுக்கு வழி எதிலும் இறங்காமல், பட்டணத்து நடுரோட்டால், எரிந்த கடைகளுக்கு முன்னாலேயே நடந்தாள். வாவி ஓரத்தில் துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரன் ஒருவன் மறித்து, இது என்ன என்று கேட்டான். வீட்டு மூக்கு என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், தும்மினான், விட்டுவிட்டான்.

நோனா வீட்டில் அன்றைக்கு விகாரைக்குத் தானம் கொண்டுபோகிற பெண்கள் கூடியிருந்தார்கள். விறாந்தை முழுக்க வெள்ளைச் சேலை. முன்கேட் சாத்தியிருந்தது. உள்ளே மயில்வாகனம் கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையிலிருந்த கதிரையோடேயே ஓடிவந்தார்.

"ஐயோ பிள்ளை, இண்டைக்கோ? ஆக்கள் நிறைஞ்சு போயிருக்கினம். பின்னாலை வா, நான் கெஞ்சிக் கேக்கிறன்."

"நான் உள்ள வரலங்க ஐயா. நீங்கதான் என்னைய இந்தியாவுக்கு அனுப்பினீங்க. நீங்களே கூப்பிட்டுக்கிட்டு வாங்க. இராஜகுமாரி வந்திருக்கான்னு நோனாவுக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

"தமிழிலையோ?"

"நோனாவுக்குத் தமிழ் விளங்கும். உங்களுக்கு இன்னும் வருந்தானே?"

மயில்வாகனம் விறாந்தையைப் பார்த்தார். அங்கே நோனா இருமிக்கொண்டிருந்தார். ஒருத்தி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த இருமல் நிற்கவேண்டுமானால் அந்தக் கேட் திறக்கவேண்டும். அந்தக் கேட் திறக்கவேண்டுமானால் அவர் வாய் திறக்கவேண்டும். கதிரையைக் கீழே வைத்தார். முதலில் வந்தது காற்று மட்டும். கஞ்சி போட்ட பில்டரைப் பூட்டிய மெஷின்போல இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"கேக்கலங்க ஐயா" என்றாள் இராஜகுமாரி.

"மஹய்யாவை இராஜகுமாரி வந்திருக்கிறா, அம்மா" என்றார் மயில்வாகனம். ஹந்தானை மலை அதை வாங்கி, இன்னொரு முறை சொல்லிக் காட்டியது.

விறாந்தையில் வெள்ளைச் சேலைகள் எல்லாம் திரும்பின. மயில்வாகனம் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழவி மட்டும் வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி, வருகிறவளுக்கு வழிவிட்டாள். மயில்வாகனம் முன்கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தார். நாட்கணக்காக அவளுக்குத் திறக்காத கேட் கீச்சென்று கத்தியது.

பொட்டும் கம்பளியுமாக இராஜகுமாரி விறாந்தையில் ஏறினாள். நோனா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மயில்வாகனத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது. இந்தியாவிலிருந்து எப்போது வந்தாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

"அவ்வளவு தூரம் போகல நோனா. கடுகண்ணாவையிலயே எறங்கிட்டேன்."

நோனாவுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. இராஜகுமாரி நிற்கவில்லை. ஏணியில் ஏறி, பரணில் குனிந்து போய், மஞ்சள் பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்து, புது மூக்கைப் பூட்டினாள். மெஷின் ஒரு முறை இழுத்துப் பார்த்தது. பிறகு மெதுவாக ஓடத் தொடங்கியது. கீழே, கம்பளி வாசம் சேர்ந்த காற்று விறாந்தை வரைக்கும் வந்தது. தானத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, மழை வரப்போகிறதா என்று வெளியே எட்டிப் பார்த்தாள்.

அவள் இறங்கி வந்தபோது மயில்வாகனம் கேட்டைச் சாத்தப் போய்க்கொண்டிருந்தார்.

"தொறந்தே இருக்கட்டுங்க ஐயா" என்றாள் இராஜகுமாரி. "நான் அந்த வழியாத்தான் போகணும்."