ரிஜெக்ட் அக்கா பாஸ் போட்ட கூண்டு

பம்புக்கு வளையம் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு ரிஜெக்ட் அக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பத்தொன்பது வருடமாக, மேஜைக்கு வரும் வளையத்தையெல்லாம் வெர்னியர் அளவுகோலில் பிடித்து அளப்பாள். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஓரமாகத் தள்ளிவிடுவாள். கெஞ்சினாலும் நடக்காது, மிரட்டினாலும் நடக்காது. மேலாளரே ஒருமுறை வந்து, "இந்த ஒரு பெட்டியை மட்டும் விட்டுடும்மா" என்று குழைந்தார். "நீங்களே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க சார்" என்று பேனாவை நீட்டினாள். மனிதர் வந்த வழியே போய்விட்டார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதுவும் இவள் கொண்டுவந்ததுதான். தப்பான சரக்கை யாராவது பாஸ் போட்டுவிட்டால் அந்தப் பெட்டியில் சிவப்பு அட்டை கட்டுவார்கள். மறுநாள் காலை வேலை தொடங்கும் முன்னால், பாஸ் போட்டவர் எல்லார் முன்னாலும் நின்று, "இதை விட்டது நான்தான்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு தண்டனை கிடையாது. இதற்குப் பயந்து ஒரு பெண், தான் விட்ட வளையங்களை யாருக்கும் தெரியாமல் அரத்தால் தேய்த்துச் சரிசெய்து பெட்டியில் திரும்ப வைத்துவிட்டாள். அன்றே அவளைப் பேக்கிங்குக்குத் தூக்கியடித்தாள் ரிஜெக்ட் அக்கா. "தப்பு பண்ணது பெரிசில்ல. சொல்லாம மூடி மறைச்ச பாரு, அதத்தான் என்னால பொறுத்துக்க முடியாது" என்றாள். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதது. இவள் அடுத்த வளையத்தை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்பேர்ப்பட்ட மகராசியின் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, கட்டினவனோடு இனி ஆகாது என்று அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். கொண்டுவந்தது ஒரு துணிப்பெட்டியும் ஒரு பெரிய கூண்டும். கூண்டுக்குள் ஒரு சின்சில்லா. எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பிராணி, தொட்டால் விரல் புதைகிற ரோமம். ஜோடியில் ஆண் புருஷன் வீட்டிலேயே தங்கிவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே கேஸு" என்று அண்ணன்காரன் தெரியாத்தனமாக ஜோக்கடித்தான். தங்கை சிரித்துவைத்தாள். எதற்கும் சிரித்துவைக்கிற சுபாவம் அவளுக்கு. சோபாவில்கூட நுனியில்தான் உட்காருவாள்.

வந்த பிராணி வயிற்றில் குட்டியோடு வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு புதன்கிழமை மூன்று குட்டி போட்டது. கண் திறந்து, ரோமத்தோடு பிறந்து, பிறந்த அன்றே குடுகுடுவென்று ஓடுகிற குட்டிகள். நாத்தனார் கூண்டையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணி, இந்தக் கம்பி இடைவெளி பெரிசுக்குச் சரி. குட்டிங்க வெளிய வந்துடுமோன்னு பயமா இருக்கு. சுத்தி வலை அடிச்சுடலாமா?"

அண்ணன் அன்று மாலையே சின்னக் கண் கம்பி வலை ஒரு சுருள் வாங்கி வந்தான். ரிஜெக்ட் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அளக்கறதுக்குத்தானே நான் இருக்கேன்?" என்று வேலைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தாள். இரண்டு கம்பிக்கு நடுவில் முப்பது மில்லிமீட்டர். குட்டியைப் பிடித்து, தடித்த இடத்தில் வைத்தாள். நாற்பத்தாறு.

"நாப்பத்தாறு எப்படிம்மா முப்பதுல போகும்? பாஸ்! வலையைப் பரண்ல போடுங்க."

அட, அளந்தது ரோமத்தையல்லவா! உள்ளே இருக்கிற குட்டி கட்டைவிரல் பருமன்கூட இராது. இரும்பு வளையம் மூச்சை இழுத்து ஒடுங்காது, குட்டி ஒடுங்கும். பத்தொன்பது வருடம் இரும்பையே தொட்ட கைக்கு அது எட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு குட்டியைக் காணோம். சோபாவைப் புரட்டினார்கள், அலமாரியை நகர்த்தினார்கள். இல்லை.

"கூண்டுக் கதவைச் சாத்தியிருக்க மாட்ட" என்றாள் ரிஜெக்ட் அக்கா.

"சாத்தினேன் அண்ணி."

"சாத்தினா எப்படிப் போகும்? ஆவியாப் போச்சா? ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா? இப்படி இருந்தா நீ எந்த வீட்டுலதான் நிலைச்சு இருப்ப!"

அண்ணன் தரையைப் பார்த்தான். நாத்தனார் கூண்டுக் கதவின் கொக்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் பாயைக் கொண்டுவந்து கூண்டுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். சும்மா வீம்பு என்று நினைத்தாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் வெளியே போயிருந்தான். நாத்தனார் பிராணிக்கு உலர்ந்த புல் வாங்கக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி, நான் வர்ற வரைக்கும் கூண்டைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றாள்.

"கூண்டு என்ன எழுந்து ஓடவா போகுது?"

கூண்டு ஓடவில்லை. யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தவள் கண்ணெதிரே ஒரு குட்டி இரண்டு கம்பிக்கு நடுவில் தலையை நுழைத்தது. காதை மடக்கியது. அவ்வளவுதான், முழு உடம்பும் வெளியே. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

அவளுக்குக் காதோரம் சுட்டது. பிடித்து உள்ளே விட்டாள். அது இன்னொரு இடத்தில் வெளியே வந்தது. எந்த இடைவெளியும் அதற்குப் போதும். யாரும் பார்க்கவில்லையே என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்துத்தான் பிற்பாடு ரொம்பக் கூசினாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து வலையை இறக்கினாள். வெட்டினாள், கூண்டின் வெளிப்பக்கம் நாலாபுறமும் சுற்றினாள், கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினாள். குட்டிகளைக் குத்தாதபடி ஒவ்வொரு முனையையும் வெளியே மடக்கிவிட்டாள். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. கடைசி முடிச்சைப் போடும்போதுதான் பேக்கிங்குக்குப் போன பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. கையில் அரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சீ என்று ஆகிவிட்டது. இருந்தாலும் முடிச்சை இறுக்கினாள்.

நாத்தனார் புல்லோடு வந்து வலையைப் பார்த்தபடி நின்றாள்.

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றாள் இவள்.

"நல்லாருக்கு அண்ணி."

சாயங்காலம் அண்ணன் வந்தான். "பாத்தியா உங்க அண்ணியை! வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்றான். அவளுக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அவன் அதோடு விடாமல், இன்னொரு தடவை தேடிப் பார்ப்போம் என்று துணி துவைக்கும் மெஷினை இழுத்தான். அதற்குப் பின்னால், சுவரோரம், குட்டி விறைத்துக் கிடந்தது.

நாத்தனார் அதைக் கைக்குட்டையில் எடுத்தாள். "என் தப்புதான் அண்ணா. கதவை இன்னொரு தடவ பாத்திருக்கணும். அண்ணி சொன்னது சரிதான்."

"இதை விட்டது நான்தான்."

சொன்னது தன் வாய்தான் என்று ரிஜெக்ட் அக்காவுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. எத்தனை பேரை நிற்கவைத்து இதைச் சொல்லச் சொன்னோம், இவ்வளவு கனமா இது? எல்லாவற்றையும் சொன்னாள். ரோமத்தை அளந்தது, மத்தியானம் குட்டி வெளியே வந்தது, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வலை கட்டியது.

"தெரியும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"என்ன தெரியும்?"

"நேத்து மத்தியானமே பாத்துட்டேன். ரெண்டும் மாத்தி மாத்தி வெளிய வந்துச்சு. பிடிச்சுப் பிடிச்சு உள்ள விட்டுட்டு இருந்தேன். அதான் பக்கத்துலயே பாயைப் போட்டேன்."

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

நாத்தனார் கைக்குட்டையின் ஓரத்தை மடித்தாள். "நீங்க பாஸ்னு சொல்லிட்டீங்க. இல்லைன்னு சொன்னா எதிர்த்துப் பேசறேன்னு ஆயிடும். இங்கயும் நிலைக்கலைன்னா எனக்குப் போக வேற இடம் இல்ல அண்ணி."

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ரிஜெக்ட் அக்கா வாயைத் திறந்தாள். எந்த வீட்டில் நிலைப்பாய் என்று கேட்ட அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் திறந்தாள். "சாப்பிட வா" என்றுதான் வந்தது.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து ஒரு சிவப்பு அட்டை கொண்டுவந்து கூண்டில் கட்டினாள். மற்ற இரண்டு குட்டிகளும் வளர்ந்து கூண்டுக்குள் ஆளுக்கொரு பலகைத் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அட்டை இன்னும் தொங்குகிறது. வருகிறவர்கள் இதென்ன என்று கேட்பார்கள். முப்பது, நாற்பத்தாறு, ரோமம், வலை என்று ஒன்று விடாமல் சொல்வாள். என்ன நேர்மை, என்ன நேர்மை என்பார்கள் கேட்டவர்கள். நாத்தனாரும் பக்கத்தில் சோபா நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். சனிக்கிழமை காலை சொன்ன அந்த வார்த்தையை மட்டும் ரிஜெக்ட் அக்கா இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.