பதினாறும் அஞ்சு நூலும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஓசூரில் போல்ட், நட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் மரை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில் இருப்பவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஷிஃப்ட் முழுக்கக் கையில் அளவு பார்க்கும் இரண்டு கேஜ். ஒன்று மரையில் சுலபமாக ஏற வேண்டும், மற்றது ஏறக் கூடாது. ஏறக் கூடாதது ஏறிவிட்டால் பெட்டியோடு ஒதுக்கி வைப்பேன். சூப்பர்வைசர் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தப் பெட்டி லாரியில் ஏறாது.

அந்த வார விடுமுறைக்குத் தளிப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். நிலம் எனக்கும் தம்பிக்கும் பொது. பாடுபடுவது அவன், குறை சொல்வது நான். முந்தின நாள்தான் நல்ல மழை. ராகி விதைக்க அந்த ஈரத்துக்காகத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுடையது சரிவான மேட்டு நிலம், இரண்டு வெயில் அடித்தால் மண் இறுகிப்போகும். வாடகை டிராக்டரைக் கூப்பிடலாம் என்றால், மழை பெய்த மறுநாள் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அதே அவசரம். எங்களிடம் இருந்தது தம்பி பழையதாக வாங்கிப் போட்ட டிராக்டர் ஒன்றுதான். அதற்கு எங்களைவிட வயது அதிகம்.

அவன் அதைக் கொட்டகையிலிருந்து வெளியே ஓட்டி வரும்போதே பார்த்தேன். பின்சக்கரம் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்த் தொட்டேன். சக்கரத்தின் இரும்புத் தட்டையும் வளையத்தையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகளில் இரண்டு நட்டுகள் என் விரலுக்கே சுழன்றன. போல்ட்டெல்லாம் கறுத்துத் துருப்பிடித்த பழசு. நட்டுகள் மட்டும் பளபளவென்று புதுசு.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓசூர்க் கம்பெனிகளில் கழித்துப்போட்டதும் மிஞ்சியதும் பழைய இரும்புக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். இந்தப் பக்கம் ஒரு டப்பா நிறையக் கம்பெனி போல்ட் இல்லாத வீடே கிடையாது. கேட்டுக்கு அதுதான், மோட்டாருக்கு அதுதான், ஆட்டுக் கொட்டகைக் கூரைக்கும் அதுதான். கம்பெனி போல்ட் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆனால் அந்த டிராக்டர் அங்குலக் கணக்கில் பிறந்தது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அந்தச் சக்கரத்தின் போல்ட் அஞ்சு நூல் கனம். தம்பி போட்டிருந்த நட்டோ பதினாறு மில்லிமீட்டர். இரண்டுக்கும் கனத்தில் ஒரு தாளளவுதான் வித்தியாசம். இருபத்துநாலு ஸ்பேனர் இரண்டையும் பிடிக்கும். நட்டு கொஞ்ச தூரம் சமர்த்தாக ஏறும், பிறகு மரை மரையைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். முறுக்குகிறவன் டைட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். உண்மையில் அது சிக்கிக்கொண்டு நிற்கிறது, எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இன்னும் பலமாக முறுக்கினால் மரை மென்றுபோய் நட்டு சும்மா சுழலும்.

ஸ்பேனரில் பைப்பை மாட்டி முழு பலத்தோடு முறுக்கியதாகத் தம்பி பெருமையாகச் சொன்னான். இன்று ஒரு நாள் மெதுவாக ஓட்டிவிடுகிறேன், விதைத்து முடித்ததும் சரி செய்துகொள்ளலாம் என்றான். நான் சரிவைப் பார்த்தேன். அங்கே அந்தச் சக்கரம் கழன்றால் வண்டி அவன் மேல்தான் கவிழும். எட்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டால் விதைப்பு போச்சு என்று கத்தினான். போனால் போகட்டும் என்று நானும் கத்தினேன்.

அஞ்சு நூல் போல்ட்டும் நட்டும் தேடி, பஸ் ஏறி ஓசூர் வந்தேன். முதல் கடைக்காரர் அஞ்சு நூல் கேட்டதற்குப் பதினாறை எடுத்து வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று கன்னடத்தில் சொன்னார். அடுத்த கடையில் அதையே தெலுங்கில் சொன்னார்கள். மூன்றாவது கடையில் அஞ்சு நூல் போல்ட் இருந்தது, நட்டும் இருந்தது, ஆனால் ஒன்றில் பெருமரை, இன்னொன்றில் பொடிமரை. அங்குலத்துக்குள்ளேயே அப்படி இரண்டு வகை. அங்குலத்தைக் கண்டுபிடித்தவனும் மில்லிமீட்டரைக் கண்டுபிடித்தவனும் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கக் கூடாதா? தார் ரோட்டில் மழையின் சுவடே இல்லை. நிலமும் இப்படித்தான் காய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதால் நேரம்தான் போகும் என்று அடுத்த கடைக்கு நடந்தேன்.

அங்கேயும் பதினாறைத்தான் நீட்டினார்கள். திட்டப் போன வாய் பாதியில் நின்றது. சக்கரத் தட்டில் இருப்பது வெறும் ஓட்டை, அதில் மரையே கிடையாது. மரை இருப்பது போல்ட்டிலும் நட்டிலும் மட்டும்தான். நட்டுக்குப் பொருந்தாத போல்ட்டைத் தூக்கிப்போட்டு, இரண்டையுமே பதினாறாகப் போட்டால் என்ன கெட்டுவிடும்? அந்த ஓட்டையில் பதினாறு தாராளமாக நுழையும். ஒரே முட்டாள்தனத்தில் இவ்வளவு நேரம் அலைந்தேனே என்று இருந்தது. தலையில் பத்து புள்ளி ஒன்பது என்று பொறித்திருக்கும் பலமான போல்ட்டாகக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் பல்லைக் கடிக்கக் கடிக்க, ஒவ்வொரு போல்ட்டிலும் அதன் நட்டைக் கடைசிவரை விரலால் ஓட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது தம்பி பழைய நட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தான். முகம் மட்டும் உம்மென்றுதான் இருந்தது. ஒன்றைக் கழற்றி, உடனே புதிய ஜோடியை அந்த இடத்தில் போட்டு, பிறகு அடுத்தது என்று வேலையைத் தொடங்கினோம். கழல மறுத்ததைக் கட்டிங் மெஷினால் அறுத்தான். மரை மென்றுபோயிருந்த நட்டு ஒன்றை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, இதை நம்பியா ஏறி உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்க கம்பெனி மாதிரி எடத்துல செய்யற நட்டு, அக்கா. உன்னாட்டம் ஒருத்தி பாத்துத்தானே அனுப்பியிருப்பான்னு போட்டேன்" என்றான்.

சாவியைப் பிடுங்கியபோது இருந்த வேகமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதட்டலாகப் பேசினால்தான் குரல் நடுங்காது என்று, "நட்டு மேல குத்தமில்லடா. அதோட ஜோடி வேற" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த போல்ட்டை எடுத்தான்.

கடைசி நட்டை இருவரும் சேர்ந்து முறுக்கினோம். பைப் தேவைப்படவில்லை. சாவியைக் கொடுத்தேன். மேல்மண் வெளுத்திருந்தாலும் கலப்பை இறங்கிய இடத்தில் உள்மண் கறுப்பாகப் புரண்டு வந்தது. முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். நினைவுபடுத்தத் தேவையில்லாமல் அவனே ஸ்பேனரோடு இறங்கினான். பிறகு சரிவுப் பக்கம் வண்டி திரும்பிய ஒவ்வொரு முறையும் நான் வரப்பில் எழுந்து நின்றேன். சக்கரம் நேராக உருண்டது.

பொழுது சாய்வதற்குள் விதைத்து முடித்தோம். அது முளைப்பதும் காய்வதும் அடுத்த மழையின் பாடு. தம்பி வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவில் ஏறி நடந்து வந்தான், உடம்பெல்லாம் மண். வந்ததும், சாப்பிட என்னக்கா இருக்கு என்று கேட்டான்.